நூறாவது தலை

வாழ்க கேட்டுக்காரர்! வெயிலுக்கு வெளிறாத காக்கித் தொப்பியர், மழையில் நனைந்தும் மசியாத மனத்தர், நுழைவுச் சீட்டைக் கிழிக்கையில் துளைவரிசை விட்டு நூலிழையும் பிசகாத விரலர், வருவது சங்கத் தலைவரே ஆனாலும், சற்றுமுன் தம் கண்ணெதிரே சீட்டு வாங்கியவரே ஆனாலும், "டிக்கெட்?" என்னும் ஒற்றைச் சொற்கணையை நெஞ்சுக்கு நேரே தொடுக்கத் தவறாத நாவர், அவர் புகழ் ஓங்குக, அவர் காக்கும் சுழல்கதவு துருப்பிடியாது நீடு வாழ்க! ஆயிரம் யானைகளை அமரிலே சாய்த்த வேந்தர்களைப் பாடிப் பாடித் தேய்ந்த நாவே, இன்று ஒரே ஓர் ஆளைக் கால்பந்து மைதானத்துக்குள் கொண்டுவரப் போராடிய இந்த வீரரைப் பாடு. பாடுமுன் அவையடக்கம் சொல்வது மரபு. அன்றைய அவையில் இருந்தவர்களே தொண்ணூற்றொன்பது பேர்தான் என்பதால் அடக்கம் தானாக வந்துவிட்டது.

வார நாட்களில் அவர் லாரி எடைமேடையில் வேலை பார்ப்பவர். மலையளவு மணலேற்றி, மதங்கொண்ட களிறுகளாகப் பிளிறி வரும் லாரிகள் அவர் கையசைவுக்கு மூச்சடக்கி நிற்கும். ஓட்டுநர் இறங்காமல் உட்கார்ந்திருந்தால், "இறங்கி நில்லுங்கண்ணே, உங்களையும் சேத்து மணல்னு எழுதவா?" என்று கேட்டு, இறங்கிய பின்னரே முள்ளைப் பார்ப்பார். அத்தகைய கண்ணும் கையும் ஆட்ட நாட்களில் கால்பந்துச் சங்கத்துக்குச் சொந்தம். சங்கமோ, லீகின் கடைசிப் பிரிவில், அந்தப் பிரிவின் கடைசி வரிசையில், மேலேயுள்ள அத்தனை அணிகளின் பாரத்தையும் தன் தலையில் தாங்கியபடி யார்மீதும் பழி சொல்லாமல் வீற்றிருந்தது. அந்தப் பருவத்தில், இக்கதை நடந்த நாள்வரை, சொந்த மைதானத்தில் அது ஒரு கோல்கூடப் போடவில்லை.

இனி அந்தக் கதவின் மாறாச் சட்டத்தைக் கேளுங்கள். முன்னொரு காலத்தில், இவருக்கு முன்பிருந்த காவலர் ஒரு பெனால்டி உதையைக் காணும் ஆவலில் ஒரே ஒரு முறை கழுத்தைத் திருப்பினார். திரும்பிய கழுத்து மீள்வதற்குள் ஒரு பஸ் நிறைய ஆட்கள் சீட்டின்றி உள்ளே போய்விட்டார்கள். பந்து வெளியே போய்விட்டது. அன்று முதல், கேட்டில் நிற்பவர் முதல் விசிலிலிருந்து கடைசி விசில்வரை தெருவைப் பார்த்தே நிற்க வேண்டும் என்று செயற்குழு தீர்மானம் போட்டது. போட்டவர்கள் அதை மறந்துவிட்டார்கள். நம் வீரர் மறக்கவில்லை. களத்துக்கு முதுகு காட்டுவது வீரர்க்கு இழுக்கென்று உலகம் சொல்லும்; இவருக்கோ அதுவே கடமையாயிற்று. சங்கத்தின் அத்தனை தோல்விகளுக்கும் வாசலில் காவல் நின்றவர், ஓர் ஆட்டத்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

ஆயினும் ஆட்டம் அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதில்தான் இந்தக் காவியத்தின் கசப்பும் இனிப்பும் அடங்கியிருக்கின்றன.

கேட்டுக்கு எதிரே ஒரு சந்து. சந்துக்கு அப்பால் ஒரு வீடு. வீட்டுக்கு மேலே ஒரு மொட்டைமாடி. மாடியிலே, கைப்பிடிச் சுவரையொட்டிய பிளாஸ்டிக் நாற்காலி என்னும் அரியணையில், மதிலுக்கு மேலாக மைதானம் முழுவதும் பார்வையில் விழ, தேநீர் தம்ளர் ஏந்தி வீற்றிருப்பவர் கேட்டுக்காரருடைய அக்காள் கணவர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர், பக்கத்து இருக்கையில் அமர்ந்தே பல்லாயிரம் உயிர்களைக் காத்த பெருமான், "பிரேக்கப் புடி!" என்று அவர் முழங்கினால், பயிற்சி வண்டி மட்டுமன்றி அடுத்த தெருவில் போகும் வண்டிகளும் நிற்கும். அந்தக் குரல் ஒரு காலத்தில் மைதானத்தின் உள்ளே இருந்தது. எதிரணி தாக்க வரும்போதெல்லாம் காவல் வீரர்களைப் பார்த்து "பிரேக்கு, பிரேக்கு!" என்று அவர் கத்த, கூட்டம் சேர்ந்து கத்த, வந்தவன் சிலபோது உண்மையிலேயே தடுமாறி நின்றதும் உண்டு.

அந்தக் குரல் மாடியேறிய வரலாறு சிறியது. பருவம் முழுவதற்கும் சீட்டாகச் செல்லும் பருவ அட்டையை வேறு சட்டையில் மறந்து வைத்துவிட்டு ஒரு நாள் அவர் கேட்டுக்கு வந்தார். பின்னால் நீண்ட வரிசை. முன்னால் மனைவியின் தம்பி.

"டிக்கெட் எங்க மாமா?"

"என்னையா கேக்குற?"

"எல்லாரையும்தான் மாமா கேக்குறேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரிக்க, அதற்குப் பத்துப் பேர் சிரித்தார்கள். முகம் சிவந்த அந்தப் பெருந்தகை வலக்கையை வானுக்கு உயர்த்தி, அண்டம் கேட்க ஆணையிட்டார்: "இந்தக் கேட்டுக்குள்ள இனிமே என் காலு படாது! பட்டா என்னை ஏன்னு கேளு!" சொன்ன கையோடு சந்தைக் கடந்தார், படியேறினார், நாற்காலியை இழுத்துப் போட்டார். அதன்பின் பருவங்கள் பல வந்து போயின. பயிற்சியாளர்கள் அதைவிட அதிகமாக வந்து போனார்கள். நாற்காலி இடம் மாறவில்லை.

இங்கேதான் விதி தன் வேலையைக் காட்டியது. கேட்டுக்காரர் சட்டப்படி தெருவைப் பார்த்து நிற்கிறார். தெருவைப் பார்த்தால் மாடி தெரிகிறது. மாடியில் மாமாவின் முகம் தெரிகிறது. அந்த முகமோ ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மாமா உச்சந்தலையில் கை வைத்தால் நம் ஆள் பந்தைப் பறிகொடுத்தான். தம்ளரைச் சுவர்மேல் வைத்தால் நம்மவர்கள் முன்னேறுகிறார்கள். நாற்காலியிலிருந்து பாதி எழுந்தால் பந்து எதிரியின் கோலருகே வந்துவிட்டது. எழுந்த பாதி மறுபடி தொப்பென்று உட்கார்ந்தால் பந்து மேலே போய்விட்டது. பேச்சு வார்த்தை அற்றுப்போன மாமாவின் முகத்திலேதான் அவர் இத்தனை பருவங்களாக ஆட்டம் பார்த்தார். அந்த முகத்திடம் ஒரே ஒரு முறை "இன்னைக்கு எப்படி மாமா ஆட்டம்?" என்று கேட்க வேண்டும் என்று அவருக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அவர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது.

இரு நாடுகளுக்கும் நடுவே தூதராய் நின்றவர் அக்காள். வீட்டில் மாமாவுக்குச் சோறு போட்டுவிட்டு, ஆட்ட நாளில் வந்து கேட்டுக்குப் பக்கத்துச் சிறு கூண்டில் உட்கார்ந்து, கைநுழையும் துவாரம் வழியாகச் சீட்டு விற்பார். சீட்டுக் கட்டில் மேலேயுள்ள சீட்டைத்தான், அதில் எந்த இருக்கை எண் இருந்தாலும், கிழித்துக் கொடுப்பார். "கொஞ்சம் நடுவுல பாத்துக் குடுங்கக்கா" என்று யார் கெஞ்சினாலும் கொடுக்க மாட்டார். தம்பிக்கு அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று இதற்குமேல் ஆராய வேண்டியதில்லை.

இப்படி உலகம் ஒருவாறு உருண்டுகொண்டிருக்கையில், லீகிலிருந்து ஓர் ஓலை வந்தது. கடைசிச் சொந்த ஆட்டத்துக்கு நூறு பேர்கூட வராத சங்கம், அடுத்த பருவத்தில் சொந்த மைதானத்தில் ஆடும் உரிமையை இழக்கும். அருகிலுள்ள சங்கத்தின் மைதானத்தில்தான் ஆட வேண்டும். அருகிலுள்ள சங்கம் என்றால் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள பரம வைரிகள். அவர்கள் மைதானத்தில், அவர்கள் கேட்டில், அவர்கள் ஆள் ஒருவன் சீட்டைக் கிழிப்பான். அதுவும் துளைவரிசையை விட்டுக் கோணலாகக் கிழிப்பான் என்று கேள்வி. கேட்டுக்காரருக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. இந்தக் கேட்டு போனால் தமக்கு வேறு எந்தக் கேட்டும் இல்லை என்பதும், இந்தக் கேட்டில் நிற்காவிட்டால் அந்த முகமும் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

நாள் வந்தது. தூறலும் வந்தது. தொலைக்காட்சியிலோ, உலகமே வாய்பிளந்து பார்க்கும் பெரிய ஆட்டம் அதே நேரத்துக்கு வந்தது. லீகின் கண்காணிப்பாளரும் வந்தார்: கட்டை விரலடியில் எண்ணும் எஃகுப் பொறி, அக்குளில் விதிப்புத்தகம், முகத்தில் யாதொன்றும் இல்லாத மெலிந்த மனிதர். அவர் சுழல்கதவின் அருகே குடை பிடித்து நின்று, கணீரென்று விதியுரைத்தார். சீட்டோடு கேட்டைக் கடந்தவரே தலை. வீரர் தலையல்லர், நிர்வாகி தலையல்லர், பணியாளர் தலையல்லர், மடிக்குழந்தை தலையல்ல. இரண்டாம் பாதிக்கு நடுவர் விசில் ஊதும் கணத்தோடு கணக்கு முடிந்தது.

அன்று திரண்ட சேனையைச் சொல்லக் கேளுங்கள். டயர்க் கடைச் சகோதரர்கள் கரிபடிந்த கைகளோடு முன்னணியில் வந்தார்கள். மகனருகே பந்து வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்ளும் கோல்கீப்பர் தாயார், தம் பிறந்தகத்தார் அனைவரும் புடைசூழ வந்தார். இடப்பக்கக் காவல் வீரனைத் திட்டுவதற்கென்றே வாரந்தோறும் வந்து, அவனுக்குக் காயம்பட்ட வாரங்களில் வாடிப்போகும் பல்வைத்தியர் வந்தார். மனைவியிடம் வேறெங்கோ போவதாகச் சொல்லிவிட்டு வந்தவர்கள் தனித்தனியே வந்து, உள்ளே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிரணியின் ஆதரவாளர்கள் ஒரு வேன் நிறைய வந்திறங்கியபோது, பகைவர்க்கு அதுவரை யாரும் காட்டாத மரியாதையோடு சங்கச் செயலாளர் ஓடிச்சென்று குடை பிடித்தார். ஒவ்வொரு தலைக்கும் "டிக்கெட்?" என்ற கணை பாய்ந்தது, சீட்டு நேர்கோட்டில் கிழிந்தது, கதவு சுழன்றது, எஃகுப் பொறி டிக்கென்றது. டிக்குகள் அடர்ந்தன, பின் இடைவெளி விட்டன, பின் தூறல்போல் சொட்டின, பின் நின்றன.

முதல் பாதி முடிந்தது. இரு பக்கமும் கோல் இல்லை. கண்காணிப்பாளர் பொறியை உயர்த்திப் பார்த்தார்.

"தொண்ணூத்தொம்பது."

செயலாளரின் முகம் சுண்டைக்காயளவு சுருங்கியது. கேட்டுக்காரர் சந்தின் இருமுனையையும் பருந்துப் பார்வையால் துழாவினார். இடைவேளை ஓடிக்கொண்டிருந்தது. இனி நடந்தது போர்.

முதலில் கண்ணில் பட்டவர் ஒரு வழிப்போக்கர். கேட்டை நோக்கி விரைந்து வந்தார். விரைவைக் கண்டு செயலாளர் அகமகிழ்ந்து, "வாங்கய்யா, வாங்க வாங்க!" என்று இரு கையும் விரித்தார். வந்தவர் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார். உள்ளே இருக்கிறது என்றார்கள். உள்ளே போக எத்தனித்தவர் நெஞ்சில் "டிக்கெட்?" பாய்ந்தது. விலையைக் கேட்ட அவர் சற்றே கணக்குப் பார்த்துவிட்டு, வீட்டுக்கே போய்க்கொள்கிறேன் என்று அதே விரைவில் திரும்பினார். அடுத்து, பார்சல் கொண்டுவந்த இளைஞர் ஒருவர் செயலாளரின் கையெழுத்து வாங்க உள்ளே காலெடுத்து வைத்தார். சீட்டு எடுத்தால்தான் கையெழுத்து என்று செயலாளர் அரச தந்திரம் செய்தார். இளைஞர் பார்சலைச் சந்தில் வைத்து, அதைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு வண்டியேறிப் போய்விட்டார். மூன்றாவதாக நாய் ஒன்று வந்தது. அது கேட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே திரும்பிப் போனது.

சந்து வெறிச்சென்று கிடந்தது. அப்போது ஒருவர் பின் ஒருவராக எல்லோருடைய கண்களும் மெல்ல மேலே ஏறின.

அங்கே, குடையின் கீழ், நாற்காலியில், தம்ளரோடு, ஒரு தலை இருந்தது. நரையோடிய, நன்கு வாரிய, எண்ணுவதற்கு மிகவும் ஏற்ற தலை.

செயலாளர் ஓடோடிச் சென்று ஒலிபெருக்கியைக் கைப்பற்றினார். மைதானம் அதிர அவர் விடுத்த பிரகடனம் இது: "மாடியில் வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய அய்யா அவர்களே! இச்சங்கத்தின் ஈடு இணையற்ற குரலே! ஒரே ஒரு தலை இல்லாமல் நம் மைதானம் பறிபோகப் பார்க்கிறது! இறங்கி வாருங்கள், ஏற்றம் தாருங்கள்!" தொண்ணூற்றொன்பது பேரும் திரும்பி மாடியைப் பார்த்தார்கள். பல்வைத்தியர் கைதட்டினார். எதிரணி ஆதரவாளர்கள்கூட, விஷயம் இன்னதென்று கேட்டறிந்து, மரியாதைக்குக் கைதட்டினார்கள். மாடியிலிருந்தவர் தேநீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, தூறல் நின்றுவிட்டதா என்று குடைக்கு வெளியே உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார்.

கேட்டுக்காரர் கேட்டை விட்டு நகர முடியாது, விதி அப்படி. நின்ற இடத்தில் நின்றபடி அவர் அண்ணாந்தார். பருவங்கள் பல உறங்கிக் கிடந்த அந்தச் சொல் புறப்பட்டது.

"மாமா!"

தம்ளர் நடுவானில் நின்றது.

"ஒரு ஆளு குறையுது மாமா."

"அதுக்கு?"

"வாங்க மாமா."

மாமா எழுந்து கைப்பிடிச் சுவரில் இரு கையும் ஊன்றினார். "வந்தா டிக்கெட் கேப்பியா?"

உலகம் ஒரு கணம் சுழலாது நின்றது. செயலாளர் கேட்டுக்காரரின் காதருகே, "கேக்க மாட்டேன்னு சொல்லுங்க, சும்மா சொல்லுங்க" என்று கெஞ்சினார். கேட்டுக்காரர் வாயைத் திறந்தார். மாட்டேன் என்ற சொல்லை நாக்கின் நுனிவரை கொண்டுவந்தார். அவர் எடைமேடையில் நிறுத்திய லாரிகள் அனைத்தும் வரிசையாக வந்து அந்த நாக்கின்மேல் ஏறி நின்றாற்போல் இருந்தது. கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வந்தது இதுதான்:

"கேப்பேன் மாமா."

"அப்ப வரல."

செயலாளர் நெற்றியில் அறைந்துகொண்டார். அக்காள் கூண்டுக்குள்ளிருந்து, தம் பையிலிருந்து பணம் போட்டு ஒரு சீட்டைக் கிழித்து, துவாரம் வழியே ஆட்டிக் காட்டினார். "ஏங்க, டிக்கெட் நானே எடுத்துட்டேன். வந்து கையில வாங்கிட்டு நேரா உள்ள போங்க."

"கையில வச்சிருந்தா கேக்காம விடுவானா?"

"டேய், விடுவியாடா?"

"கேட்டுட்டுதான்க்கா கிழிக்கணும்."

மூவரும் மூன்று திக்கில் முறைத்துக்கொண்டு நிற்க, மைதானத்தில் இரு அணிகளும் மறுபடி இறங்கும் ஆரவாரம் கேட்டது. ஒருவர் கேட்காமல் விடமாட்டார். மற்றவர் கேட்டால் வரமாட்டார். வானமே இறங்கி வந்து பஞ்சாயத்துப் பண்ணினாலும் தீராத இந்த வழக்கைத் தீர்க்க, கூண்டின் கதவை உள்ளிருந்து உதைத்துத் திறந்துகொண்டு அக்காள் வெளியே வந்தார். அவருக்கு இரண்டு பேர்மீதும் சமமான கோபம். கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, நேரே கண்காணிப்பாளர் முன்னே போய் நின்றார்.

"சார், இந்தா நிக்கிறானே இவன், இவன் உள்ள போய் உக்காந்தா கணக்குல வருவானா?"

"பணியாளர் தலையல்லர்" என்றார் கண்காணிப்பாளர்.

"பணியில இல்லன்னா?"

கண்காணிப்பாளர் அக்குளிலிருந்த விதிப்புத்தகத்தை எடுத்தார். விரலை நாவில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். செயலாளர் அவருக்குக் குடை பிடித்தார். விசிறவும் தயாராக இருந்தார். கடைசியில் ஒரு வரியில் விரல் நின்றது: பணியாளரின் இடத்தில் வெளியாள் ஒருவர் நின்று பணியை ஏற்பாரானால், விடுபட்ட பணியாளர் சீட்டோடு உள்ளே வரின் தலையாவார்.

"வெளியாள் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

அக்காள் அண்ணாந்து பார்த்தார். "ஏங்க! நீங்க ஒண்ணும் உள்ள வர வேணாம். உங்க சபதமும் அப்படியே இருக்கட்டும். வெளிப் பக்கமா நின்னு டிக்கெட் கிழிங்க, போதும்."

மாமா தம் வாரிய தலையைத் தடவிக்கொண்டார்.

"தொப்பி தருவானா?"

"தருவான்."

"நானும் கேக்கலாமா?"

அக்காளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "கேக்காம எப்படிங்க கிழிப்பீங்க?"

நாற்காலி பின்னால் உருளும் ஓசை கேட்டது. படிகளில் செருப்புகள் தடதடத்தன. கதவு திறந்தது. பயிற்சிப் பள்ளிப் பெருமான் சந்திலே தோன்றினார். அந்த நெருக்கடியிலும் அவர் சந்தைக் கடக்குமுன் வலமும் இடமும் மறுபடி வலமும் பார்த்துவிட்டே கடந்தார்.

இருவரும் எதிரெதிரே நின்றார்கள். இத்தனை பருவமும் மாடியளவு தூரத்தில் பார்த்த முகம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. மாமாவுக்குக் கண்ணுக்குக் கீழே சதை தொங்கிவிட்டதைக் கேட்டுக்காரர் அப்போதுதான் கவனித்தார். மனசு கனத்துப் போயிற்று. தொப்பியைக் கழற்றி, உட்பக்கத்து வியர்வையைச் சட்டையில் துடைத்து, இரு கையாலும் நீட்டினார். மாமா அதை வாங்கிச் சூடினார். சற்றே பெரிது, காதுவரை இறங்கியது. யாரும் சிரிக்கவில்லை. அவர் சுழல்கதவின் வெளிப்பக்கம், மைதானத்துக்கு முதுகு காட்டி, தெருவைப் பார்த்து, மலையென நின்றார். விதியை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கேட்டுக்காரர் வெளியே இரண்டடி நடந்து, திரும்பி, சாதாரண மனிதராக, வெறுந்தலையோடு, கேட்டை நோக்கி வந்தார்.

அண்டம் அதிர்ந்தது. "டிக்கெட் எங்க மாப்ளே?"

கேட்டுக்காரரின் வலக்கை வலப்பைக்குள் போயிற்று. இடக்கை இடப்பைக்குள் போயிற்று. இரண்டும் வெறுமையாக வெளியே வந்தன. வாழ்நாளெல்லாம் சீட்டுக் கேட்டவர், தமக்கு ஒன்று வேண்டுமே என்பதை மறந்துவிட்டார்.

மதிலோரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த டயர்க் கடைச் சகோதரர்களில் ஒருவர் சிரித்தார். அதற்குப் பத்துப் பேர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. கையை மட்டும் கூண்டுப் பக்கம் நீட்டினார். "கவுண்டர் அங்க இருக்கு."

மைதானத்தின் நடுவே நடுவர் விசிலை வாயருகே கொண்டுபோனார். கேட்டுக்காரர் கூண்டுக்குப் பாய்ந்தார். அக்காள் அவருக்கு முன்னே கூண்டுக்குள் பாய்ந்தார். அக்காள் ஏற்கெனவே கிழித்து ஆட்டிய சீட்டு பலகையின் மேலேயே கிடந்தது, அதுதான் மேற்சீட்டு. அதைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர் மாமாவிடம் நீட்டினார். மாமா வாங்கினார். எழுத்துகளைப் படித்தார். பின்புறம் திருப்பிப் பார்த்தார். கிளட்சிலிருந்து காலை மெல்ல எடுக்கச் சொல்லித் தருகிற அதே நிதானத்தோடு கிழித்தார்.

கோணலாகக் கிழித்தார்.

துளைவரிசையை விட்டு அரை விரல் விலகி, ஓரத்தில் பிசிறு தொங்க, சீட்டு கிழிந்தது.

"கோணலாயிருச்சு மாமா."

"போய் உக்காரு மாப்ளே."

மாப்ளே என்ற அந்தச் சொல்லை அவர் இரண்டாம் முறை கேட்டார். கதவு சுழன்றது. எஃகுப் பொறி டிக்கென்றது. அந்த டிக் முழுதாகக் காதில் விழுந்த பின்னர் நடுவர் விசில் ஊதினார்.

"நூறு" என்றார் கண்காணிப்பாளர், முகத்தில் யாதொன்றும் இல்லாமல்.

செயலாளர் ஒலிபெருக்கியில் அழுதார். என்ன சொல்கிறார் என்று புரியாவிட்டாலும் எல்லோரும் கைதட்டினார்கள். மைதானம் தப்பியது. அக்கரையார் நாணினர். வெற்றி வீரரைத் தோளில் தூக்கலாம் என்று டயர்க் கடைக்காரர்கள் வந்தார்கள். அவரோ சீட்டின் பிசிறை நீவி நேராக்கிக்கொண்டு, தம் இருக்கை எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். ஆயிரம் பேர் அமரும் அரங்கில் காலியாகக் கிடந்த இருக்கைகளை எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை. "எங்க வேணா உக்காருங்க!" என்று செயலாளர் கூவினார். "நம்பர்ல இருக்கிறதுதான்" என்றார் கேட்டுக்காரர். வரிசை வரிசையாக நடந்து, எண்ணைக் கண்டு, ஈரத்தைத் துடைத்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

எதிரே கூரையைத் தாங்கும் தூண் நின்றது. தடித்த, பச்சை வண்ணம் பூசிய, யாருக்கும் வழிவிடாத தூண். அதன் வலப்புறம் ஒரு மூலைக்கொடி தெரிந்தது. இடப்புறம் கோல்கீப்பரில் பாதி தெரிந்தார். இடைப்பட்டதெல்லாம் தூண். சாய்ந்து பார்க்கலாம், ஆனால் சாய்ந்தால் தலை பக்கத்து நம்பருக்குள் போய்விடும். அவர் சாயவில்லை. ஆனாலும் புல்லின் ஈர வாசனை வந்தது. பூட்ஸ்கள் பந்தில் படும் ஓசை முதுகில் விழாமல் முகத்தில் விழுந்தது. கோல்கீப்பரின் தாயார் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தார். பல்வைத்தியர் திட்டுவதைக் கேட்டார். அவருக்கு எல்லாமே நன்றாக இருந்தது.

ஆட்டம் முடியப் போகும் வேளையில், பருவமெல்லாம் வறண்டு கிடந்த அந்த மைதானத்தில், தூணுக்குப் பின்னால் ஏதோ நடந்தது. தொண்ணூற்றொன்பது பேர் ஒரே மூச்சில் எழுந்தார்கள். எழுந்த முழக்கத்தில் கூரைத் தகரம் கிடுகிடுத்தது, புறாக்கள் பறந்தன, பல்வைத்தியர் தாம் திட்டிவந்த காவல் வீரனின் பெயரைச் சொல்லி, என் ராசா, என் ராசா என்று அலறினார். கேட்டுக்காரர் என்ன ஆயிற்று என்று அறிய, பழக்கத்தில், பக்கவாட்டில் திரும்பி மாடியைப் பார்த்தார். அங்கே விரித்த குடை மட்டும் இருந்தது. பார்வையைக் கேட்டுக்கு இறக்கினார். காதுவரை இறங்கிய தொப்பியோடு, முழக்கம் முதுகில் மோத, கழுத்து நரம்பு துடிக்க, அரை அங்குலமும் திரும்பாமல், வெறுஞ்சந்தைப் பார்த்துக்கொண்டு மாமா நின்றார்.

அந்தப் பருவத்தில் சங்கம் சொந்த மைதானத்தில் போட்ட ஒரே கோலை இரண்டு பேருமே பார்க்கவில்லை.